டெமோவில் கேட்ட டோனும் கையில் வந்த டோனும்

யூடியூப் டெமோவை நம்பி எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஆம்ப், பெடல் (கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் சத்தத்தை மாற்றும் பெட்டி) வாங்கியவர்களும் மாடலருக்கு (ஆம்ப், பெடல் சத்தங்களை டிஜிட்டலாக நகலெடுக்கும் கருவி) மாறியவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

நண்பன் ஒருவன் ட்யூப் ஸ்க்ரீமர் என்ற கரகரப்புப் பெடல் வாங்கினான். டெமோவில் லீட் சும்மா பாடியது. வீட்டில் இருந்த சின்ன டிரான்சிஸ்டர் பிராக்டிஸ் ஆம்பில் போட்டால் மூக்கடைத்த குரல். டூப்ளிகேட் பெடலோ என்று சந்தேகமே வந்துவிட்டது அவனுக்கு.

பெடலில் கோளாறு எதுவும் இல்லை. அந்த சர்க்யூட்டே பேஸைக் குறைத்து 720 ஹெர்ட்ஸ் பக்கத்து நடு ஒலியைத் தூக்கிக் காட்டும். டெமோக்காரர் அதை ஏற்கெனவே கரகரக்கத் தொடங்கிய மார்ஷல் ட்யூப் (வால்வு) ஆம்புக்கு முன்னால், கரகரப்பைக் கூட்டும் ட்ரைவைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டும் லெவலை ஏற்றி வைத்திருந்தார். பேஸ் குறைந்து போவதால் ஆம்ப் குழம்பாமல் இறுக்கமாக உறுமும். அங்கே பெடல் பாதி வேலைதான் செய்கிறது. அதே பெடலை என் மாடலரில் ஜேசிஎம்800 என்ற மார்ஷல் ஆம்பின் நகலுக்கு முன்னால் போட்டோம், டெமோ சத்தம் வந்துவிட்டது. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

*

நான் ரெக்கார்டிங் பக்கம் இருப்பவன். டெமோவில் உங்கள் காதுக்கு வருவது ஆம்புக்கு முன்னால் வைத்த மைக் கேட்ட சத்தம். எஸ்எம்57 மைக்கை ஸ்பீக்கரின் நட்டநடுவுக்கு நேராக வைத்தால் காதைக் குத்தும். ஓர் அங்குலம் ஓரமாக நகர்த்துங்கள், ஆம்பையே மாற்றிவிட்டார்கள் என்று சத்தியம் செய்வீர்கள்.

ஒருவர் தன் வாக்ஸ் ஏசி30 ஆம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். மைக் வைத்துப் பதிவு செய்து உள்ளே கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "என் ஆம்ப் இப்படி இருக்காதே" என்றார். "இப்படித்தான் சார் இருக்கும். இத்தனை நாளா உங்க முழங்கால்தான் அதைக் கேட்டுது" என்றேன். ட்ரெபிள் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே டார்ச் வெளிச்சம் மாதிரி குறுகிப் பாயும். தரையில் ஆம்ப், நிற்பவர் காது மேலே. மைக்குக்கு அந்தச் சலுகை கிடையாது.

மாடலர் தருவதும் இந்த மைக் சத்தத்தைத்தான். ஸ்பீக்கர் பெட்டியான கேபினெட், மைக் இரண்டின் குணமும் ஐஆர் என்ற டிஜிட்டல் பதிவாக உள்ளேயே இருக்கிறது. அதனால் டெமோவில் மயங்கியவருக்கு மாடலர்தான் சரியான பொருள் என்பேன், ட்யூப் ஆம்ப் பிரியர்கள் திட்டினாலும் சரி. அறையில் ஆம்ப் முன்னால் நிற்கும் உணர்வு வேண்டுமென்றால் ஐஆரை அணைத்துவிட்டு, பவர் ஆம்ப் வழியாக நிஜ கிட்டார் கேபினெட்டில் கொடுத்துப் பாருங்கள்.

*

சர்ச்சில் வாசிக்கிறேன். எங்கள் மேடையில் ஆம்புக்கு அனுமதி இல்லை, மாடலர் நேராக மிக்ஸருக்குப் போகும். ராத்திரி ஹெட்ஃபோனில் அழகாகச் செய்த பிரீசெட் (சேமித்து வைத்த செட்டிங்) ஆராதனையில் அடியில் குமுறும், மேலே கீறும். சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்கு பேஸும் ட்ரெபிளும் சரியாக எட்டாது என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் இரண்டையும் ஏற்றிவிடுகிறோம், ஹாலில் அது இரட்டிப்பாகத் திரும்பி வருகிறது. இப்போதெல்லாம் பாடகர் குழு பயிற்சி முடிந்ததும் ஹால் ஸ்பீக்கரிலேயே வைத்து செட் செய்கிறேன்.

*

ஃபஸ் ஃபேஸ் என்ற கரகரப்புப் பெடலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பல டெமோக்களில் கிட்டார் வால்யூம் கடைசிவரை முழுசாகவே இருக்கும். அந்தப் பெடலின் உயிரே வால்யூமைக் குறைத்தால் தெளிவதில்தான் இருக்கிறது. முன்னால் ஒரு பஃபர் (சிக்னலை வலுப்படுத்தும் சர்க்யூட்) வந்தால் அதுவும் போச்சு. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் என்றால் வெயிலுக்கும் குணம் மாறும். ஏசி அறையில் எடுத்த டெமோ மே மாதச் சென்னைக்குச் செல்லாது.

*

மறுபடியும் நான்தான், பேச்சை ஆரம்பித்தவன். இரண்டு பெடலை ஒப்பிடும் வீடியோக்களில் சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பதே பெரும்பாலும் ஜெயிக்கிறது, கவனித்தீர்களா? நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசம். கம்ப்யூட்டரில் போட்டு, பிடித்த ஆம்பின் கேப்சர் (டிஜிட்டல் நகல்) கிடைத்தால் உங்கள் கிட்டாரில், உங்கள் கையால் வாசித்துவிட்டு அப்புறம் பர்ஸைத் திறங்கள்.

ஸ்டூடியோ நண்பரே, அந்த ஏசி30 சார் கடைசியில் என்ன செய்தார்?

*

ஆம்பை ஒரு ஸ்டூல் மேல் ஏற்றினார். இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. முதல் கார்டு அடித்ததுமே ட்ரெபிளைப் பாதியாகக் குறைத்துவிட்டார்.