பெயர் அட்டையில் இருந்து எழுத்து தொடங்கினால் அ, ஆ வரிசை கெட்டுவிடுமா?

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
வணக்கம். ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன், 19 பிள்ளைகள். பள்ளி திறந்த வாரமே ஆளுக்கொரு பெயர் அட்டை எழுதி, காலையில் வந்ததும் அவரவர் அட்டையைத் தேடிக் கயிற்றில் மாட்டச் சொன்னேன், வருகைப் பதிவுக்காகத்தான். பத்து நாளில் பக்கத்துப் பிள்ளையின் அட்டையையும் எடுத்துக் கொடுக்கிறார்கள். "டீச்சர், என் மீ-யும் மீரா மீ-யும் ஒண்ணு" என்று மீனா ஓடி வந்தாள். அதிலிருந்து பெயர்களை வைத்தே எழுத்து தொடங்கலாம் என்று ஆசை. ஆனால் இரண்டு பெற்றோர் "இன்னும் அ, ஆ ஆரம்பிக்கலையா" என்று கேட்டுவிட்டார்கள். உயிரெழுத்தில் தொடங்கும் பெயரும் மூன்றுதான் இருக்கிறது. ஜ, ஷ, ஸ வரும் பெயர்களோ ஏழு, அந்த எழுத்துகள் 247-இல் இல்லையே. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தாராளமாகத் தொடங்குங்கள் டீச்சர். அ, ஆ பாட்டாகத் தினமும் ஒருபக்கம் ஓடட்டும், பெற்றோருக்கும் அது போதும். ஒப்பிப்பது வேறு, எழுத்தைப் பார்த்து அறிவது வேறு. சுவர் அட்டையில் அம்மா, ஆடு என்று முதலெழுத்துக்குப் படம் போடலாம், ழ, ள, ண, ற, ன என்ன செய்வது? அவற்றில் தமிழ்ச்சொல் தொடங்குவதே இல்லை. யாழினியும் கண்ணனும் வகுப்பில் இருந்தால் ழி, ண் தானாக வந்துவிடும். நந்தினி என்ற ஒரே பெயரில் ந, ன இரண்டும் இருக்கின்றன, இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பெயரைக் கைதட்டிப் பிரிக்கச் சொன்னால் யா-ழி-னி மூன்று தட்டு, மூன்று எழுத்து, சரி. அன்பரசனுக்கு அன்-ப-ர-சன் என நான்கு தட்டுதான் வரும், எழுத்து ஆறு. புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காமல் முன்னெழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் முதல் மாதம் புள்ளி இல்லாத பெயர்களை எடுங்கள், கவிதா, பாரதி, மீரா போல. புள்ளிப் பெயர்கள் அப்புறம்.

ஷாலினி அம்மா:
நான் ஆசிரியை இல்லை, தாயாகச் சொல்கிறேன். என் மகள் பெயரை முன்பு ஒரு பள்ளியில் "சாலினி" என்று எழுதி ஒட்டிவிட்டார்கள். அது தன் அட்டை இல்லை என்று அவள் தொடவே இல்லை. தயவுசெய்து வீட்டில் எழுதும்படியே எழுதுங்கள். ஷ கிரந்த எழுத்து என்பது பிறகு தெரிந்துகொள்ளட்டும், இப்போது அது அவளுடைய எழுத்து.

அங்கன்வாடி அக்கா:
எங்களிடம் வருவது மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள், எழுதச் சொல்லி விரலை ஒடிக்க மாட்டேன். தரையில் சாக்பீஸால் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டுவிடுவேன், அதன்மேல் புளியங்கொட்டை அடுக்குவார்கள். தன் எழுத்து முடிந்ததும் தோழியின் எழுத்துக்குப் போய்விடுவார்கள், நாம் சொல்லவே வேண்டாம். வீட்டில் தாத்தா பாட்டி எழுதிக் காட்டினால் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1978 சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் மீனாவில் வரும் னா-வைப் பழைய சுழி வடிவில் எழுதுவார்கள், பிள்ளை குழம்பிப்போகும்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. ஷாலினி அம்மா சொன்னதைப் படித்ததும் ஏழு அட்டைகளையும் எடுத்துப் பார்த்தேன், ஒன்றில் நானே ஜ-வை ச ஆக்கியிருந்தேன், இன்றே மாற்றி எழுதிவிட்டேன். இன்னொரு சந்தேகம், தேவி தன் பெயரில் த-வை முதலில் எழுதிவிட்டு இரட்டைக்கொம்பை அதற்குப் பின்னால் போடுகிறாள். காதில் விழும் வரிசையில்தானே எழுதுகிறாள், அவளைத் தப்பு சொல்ல மனம் வரவில்லை. உங்கள் வகுப்பில் இதை எப்படித் திருத்தினீர்கள்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
கொம்பைத் தனித் துண்டு அட்டையில் வெட்டிக் கொடுங்கள் டீச்சர். தேவி, மேரி, சேகர் மூன்று பேரும் தங்கள் அட்டையில் அதை எங்கே வைப்பது என்று சேர்ந்து தேடட்டும்.