70 கிலோ ஆளுக்கு 140 கிலோவா?

கப்பிக்காரன்:
சினிமா ஸ்டண்டில் ஆளை வயரில் தொங்கவிடுவது பற்றி நேற்று ஒரு மேதை எழுதியிருந்தார்: "3 மி.மீ. ஸ்டீல் வயர் 900 கிலோ தாங்கும், ஆள் எடை 70 கிலோதான். பன்னிரண்டு மடங்கு கையிருப்பு இருக்கும்போது ஆளுக்கு முன்னால் மணல் மூட்டையைத் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்ப்பது வெட்டி வேலை." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. மேலே கப்பி மாட்டியிருக்கும் இடத்தில் எத்தனை கிலோ விழுகிறது என்று யோசித்தாரா? 140!

ஆகாயசூரன்:
எழுதியது நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். 70 கிலோ ஆள் தொங்கினால் 70 கிலோ. இன்னொரு 70 எங்கிருந்து வந்தது, ஆவியா?

கப்பிக்காரன்:
வயரின் மறுமுனையைப் பிடித்திருக்கிறார்களே, அவர்கள்தான் அந்த ஆவி. நடிகர் இறங்காமல் இருக்க அந்தப் பக்கமும் 70 கிலோ இழுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கீழே இழுத்தால் நடுவில் உள்ள கப்பி இரண்டையும் சுமக்கும். 140. கிணற்றில் தண்ணீர் இறைத்தவனுக்கே தெரிந்த விஷயம்.

ஆகாயசூரன்:
நான் சொன்னது வயரை. வயரில் 70தானே?

ஓரமாய் நிற்பவர்:
ஒருவர் வயரைச் சொல்கிறார், இன்னொருவர் மேலே உள்ள பிடிமானத்தைச் சொல்கிறார். முதலில் எதைப் பேசுகிறோம் என்று...

கப்பிக்காரன்:
நீங்கள் ஓரமாகவே நில்லுங்கள். வயரிலும் 70 இல்லை, அசையாமல் தொங்கினால்தான் 70. தொங்கிக்கொண்டு தூங்கவா ஸ்டண்ட்காரரைக் கூப்பிடுகிறார்கள்? 1 மீட்டர் விழுந்தவரை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால், சராசரியாகவே 770 கிலோ இழுப்பு. ஸ்டீல் வயர் ரப்பர் மாதிரி நீளாது. உங்கள் 900 கிலோ எங்கே போச்சு? கப்பியில் அதுவும் இரட்டிப்பு!

ஆகாயசூரன்:
எந்த முட்டாள் 10 சென்டிமீட்டரில் நிறுத்துகிறான்? டிசெலரேட்டர், அதாவது வேகத்தை மெல்லக் குறைக்கும் கருவி வைத்து, 1 மீட்டர் ஓடவிட்டு நிறுத்துகிறோம். உங்கள் கணக்குப்படியே வயரில் 140தான் வரும். ஆறு மடங்கு மிச்சம்.

கப்பிக்காரன்:
ஆகா, அண்ணன் வாயிலிருந்தே 140 வந்துவிட்டது.

ஆகாயசூரன்:
அது வேற 140!

பழைய டூப்:
இரண்டு பேருமே நான் சொல்வதைக் கேளுங்கள். ஒரு படப்பிடிப்பில் பின்னால் இழுக்கும் ஷாட். வயரைச் சடாரென்று இழுக்கும் ராட்செட் கருவியில் காற்றழுத்தம் ஏற்றியாச்சு, வயரை மாட்டும் ஹார்னஸ் பட்டை இடுப்பில் இறுகியாச்சு. மூன்று என்றதும் பறந்தேன். வயருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கப்பியைக் கட்டியிருந்த குழாய்தான் வாழைத்தண்டு மாதிரி வளைந்தது. நல்ல வேளை, மெத்தையின் ஓரத்தில் விழுந்தேன்.

கப்பிக்காரன்:
கேட்டீர்களா? குழாய் வளைந்தது. 140.

ஆகாயசூரன்:
கேட்டேன். வயருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் சொன்னதும் அதுதான்.

பழைய டூப்:
நான் சொல்ல வந்தது மூட்டை கட்டிச் சோதிக்கவில்லை என்று... சரி, விடுங்கள்.

நூல்கண்டு:
இந்தக் காலத்திலும் ஸ்டீலா? டைனீமா என்ற செயற்கை இழைக் கயிறு போடுங்கள். அதே தடிமனில் எடை கொஞ்சம்தான், கையையும் குத்தாது.

கப்பிக்காரன்:
வந்துட்டார். போன மாதம் டைனீமாவில் சாதாரண முடிச்சுப் போட்டு, அதைப் புகைப்படம் எடுத்து இங்கே ஏற்றியவர் நீங்கள்தானே? அது வழுக்கும். வழுக்காத முடிச்சுப் போட்டாலும் பலம் பாதியாகும். அதனால்தான் முனையைப் பின்னிச் செருகுகிறார்கள். ஏறக்குறைய 150 டிகிரியில் உருகும் கயிறு அது. இறங்கும் வேகத்தை உரசிக் கட்டுப்படுத்தும் டிசென்டர் கருவி சூடேறும் இடத்தில் அதை வைத்தால் என்ன ஆகும்? ஸ்டீல் குத்துகிறது என்றால் இழை அறுந்திருக்கிறது என்று அர்த்தம். பழைய துணியால் சுற்றிப் பிடித்து வயர் முழுக்க ஓட்டிப் பாருங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே அறுந்த இழை இருக்கும். அந்த வயரைத் தூக்கிப் போட வேண்டும்.

நூல்கண்டு:
அந்தப் படம் ஒத்திகைக்கு எடுத்தது. பத்து தடவை சொல்லிவிட்டேன்.

கப்பிக்காரன்:
ஒத்திகையில் விழுந்தால் வலிக்காதா?

ஆகாயசூரன்:
பேச்சை மாற்றாதீர்கள். அப்புறம் இன்னொன்று, செட்டில் யாரும் 'கப்பி' என்று சொல்வதில்லை. 'புல்லி'. இது தெரியாதவர் எனக்குப் பாடம் எடுக்கிறார்.

கப்பிக்காரன்:
பெயரை மாற்றினால் பாரம் குறையுமா? ஒரு வழி இருக்கிறது: வயரை அங்கே முழுசாக மடக்காமல், இரண்டு பக்கத்துக்கும் நடுவே 120 டிகிரி இருக்கும்படி விரித்துத் திருப்பினால் 70தான் விழும். உங்கள் 70 அங்கேதான் கிடைக்கும். மடக்கிக் கட்டினால் 140, 140, 140.

ஆகாயசூரன்:
அப்போ 70 வரும் என்று ஒத்துக்கொள்கிறீர்கள். நன்றி.

கப்பிக்காரன்:
எங்கே ஒத்துக்கொண்டேன்? மேலே போய் மறுபடி படியுங்கள். மணல் மூட்டையைப் பற்றி இன்னும் நீங்கள் வாயே திறக்கவில்லை.

நூல்கண்டு:
முதலில் அந்த ஒத்திகைப் படத்தைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுங்கள், அப்புறம் மூட்டைக்கு வரலாம்.