தைபேயின் டின் தாய் ஃபங் உணவகம்: சைவ உணவுக்கார அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

காவிரிக்கரையான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மாதம் அலுவலக வேலையாக ஒரு வாரம் தைவானின் தலைநகர் தைபேயில் தங்கவிருக்கிறேன். அறுபத்தெட்டு வயதான என் அம்மாவும் உடன் வருகிறார். டின் தாய் ஃபங் உணவகத்தின் ஷியாவ்லொங்பாவ் என்னும் சூப் அடைத்த கொழுக்கட்டையைப் பற்றி அலுவலகத்தில் ஓயாமல் பேசிக் கேட்டிருப்பதால், ஒரு வேளையாவது அங்கே சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. நான் பன்றி இறைச்சி உண்பேன், மாட்டிறைச்சி உண்பதில்லை. அம்மா சுத்த சைவம், வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. அவரை மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வைத்துவிட்டு, உள்ளே போனபின் வெறும் வெள்ளரிக்காயைக் காட்டி உட்கார வைப்பது நியாயமாகப் படவில்லை. எந்தக் கிளைக்கு எந்த நேரத்தில் போவது நல்லது, அம்மாவுக்கு என்ன கிடைக்கும், அந்தக் கொழுக்கட்டையை வாய் வெந்துபோகாமல் சாப்பிடும் முறை என்ன என்பதை அங்கே போய் வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தொங்மென் பயணி:

ஆறு ஆண்டுகளாகத் தைபேயில் வசிக்கிறேன், ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது என் பொறுப்பாகிவிட்டது. முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஷின்யி சாலையில் தொங்மென் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கடைதான் மூலக்கடை என்றாலும், அங்கே இப்போது பொட்டலம் கட்டிக்கொண்டு போக மட்டுமே முடியும். உட்கார்ந்து சாப்பிட அதே சாலையில் சற்றுத் தள்ளியுள்ள புதிய கிளைக்குப் போக வேண்டும். தைபே 101 கோபுரத்தின் அடித்தளத்தில் இருக்கும் கிளையில் சுற்றுலாப் பயணிகளின் கூட்டம் அலைமோதும்.

மூலக்கடையின் கதையை அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும். ஷான்ஷி மாகாணத்தில் பிறந்து தைவானுக்கு வந்த யாங் பிங்-யி 1958இல் தொடங்கியது உண்மையில் ஒரு சமையல் எண்ணெய்க் கடை. டின்னில் அடைத்த எண்ணெய் சந்தைக்கு வந்து சில்லறை வியாபாரம் படுத்துவிடவே, 1972இல் கடையின் பாதியை ஒதுக்கி அவரும் மனைவியும் கொழுக்கட்டை விற்கத் தொடங்கினார்கள். அது எண்ணெயைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. 1993இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் உலகின் குறிப்பிடத்தக்க பத்து உணவகங்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது, 1996இல் டோக்கியோவில் முதல் வெளிநாட்டுக் கிளை வந்தது. யாங் 2023இல் காலமானார்.

நேரத்தைப் பொறுத்தவரை, வார நாளில் பிற்பகல் மூன்று மணியை ஒட்டிப் போங்கள். தைபேயில் பல கடைகள் அந்த வேளையில் அடுப்பை அணைத்துவிடும், இவர்கள் அணைப்பதில்லை. வாசலில் எத்தனை பேர் என்று சொன்னால் எண் போட்ட சீட்டைத் தருவார்கள்; பலகையில் உங்கள் எண் வரும்வரை வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டியதில்லை, அம்மாவை எங்காவது உட்கார வைக்கலாம். காத்திருக்கும்போதே உணவுப் பட்டியல் தாளில் வேண்டியதைக் குறித்து வைத்துக்கொண்டால், உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் மூங்கில் கூடை மேசைக்கு வந்துவிடும். ஒரு கூடையில் பத்து இருக்கும், ஐந்தாகவும் கேட்கலாம். கட்டணத்தோடு பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் சேரும், அதற்குமேல் எதுவும் வைக்க வேண்டியதில்லை.

சாப்பிடும் முறைக்கு வருகிறேன். மெலிதாகச் சீவிய இஞ்சி ஒரு சிறு தட்டில் வரும். அதன்மேல் ஒரு பங்கு சோயா சாறும் மூன்று பங்கு கறுப்பு வினிகரும் ஊற்றிக்கொள்ளுங்கள். கொழுக்கட்டையை மடிப்புகள் கூடும் உச்சியில் குச்சிகளால் பிடித்து, கூடையில் ஒட்டிய அடிப்பக்கம் கிழியாதபடி மெல்ல அசைத்துத் தூக்கி, வினிகரில் தொட்டுக் கரண்டியில் வையுங்கள். பக்கவாட்டில் ஒரு சிறு துளை இட்டால் சூப் கரண்டியில் வடியும். அதை ஊதிக் குடித்துவிட்டு, இரண்டு இழை இஞ்சியோடு மீதியை உண்ண வேண்டும். முதல் நாள் நான் முழுதாக வாயில் போட்டுக் கடித்துவிட்டேன், அண்ணத்தில் தோல் உரிந்து மூன்று நாள் காரமே சாப்பிட முடியவில்லை.

சின்ச்சு இல்லத்தரசி:

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் நானும் சைவம். அங்கே காளான் சேர்த்த சைவக் கொழுக்கட்டை உண்டு. கடற்பாசி, சேமியா, தோஃபு கலந்த குளிர்ந்த சாலட்டும், கீரை வதக்கலும், இனிப்புக்குச் சிவப்புப் பயறு பூரணம் வைத்த கொழுக்கட்டையும் உண்டு. ஆனால் கீரையில் பூண்டு சேர்ப்பார்கள், பூண்டில்லாமல் வேண்டும் என்று குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். நூடுல்ஸ் எதையும் கேட்க வேண்டாம், அதன் சாறு இறைச்சியில் காய்ச்சியது. மற்றபடி, இது அசைவக் கடை, ஒரே சமையலறை. அம்மாவுக்குப் பாத்திரமே வேறாக இருக்க வேண்டும் என்றால் இங்கே அழைத்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்படிப்பட்டவர்களுக்குத் தைவானில் குறையே இல்லை. பௌத்தர்களின் வழக்கப்படி இங்கே 'சூ' என்றால் இறைச்சியும் மீனும் மட்டுமல்லாமல் வெங்காயம், பூண்டு வகைகளையும் விலக்கிய உணவு என்பதே மரபான பொருள். கடையில் விற்கும் பொட்டலங்களில்கூட முட்டை சேர்ந்த சைவம், பால் சேர்ந்த சைவம், பூண்டு வகை சேர்ந்த சைவம் என்று தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். சைவ உணவகங்களின் பெயர்ப்பலகையில் பல இடங்களில் ஸ்வஸ்திகச் சின்னம் இருக்கும். அம்மா அதைப் பார்த்ததும் நம்ம ஊர்க் கடையோ என்று கேட்கப்போகிறார், என் மாமியார் கேட்டார்.

எச்சரிக்கையாக ஒன்று. வந்த புதிதில் பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு சிறிய கடையில், பட்டியலில் 'முட்டைக்கோஸ் கொழுக்கட்டை' என்று இருந்ததை நம்பிப் பன்னிரண்டு வாங்கினேன். முதல் கடியிலேயே பன்றிக்கொத்து. கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை, கொத்துக்கறி இருக்கும் என்பது இங்கே யாரும் தனியாகச் சொல்லாத விஷயம். எந்தக் காயோடு என்பதைத்தான் பட்டியல் சொல்கிறது. ஆகவே பெயரில் காய் இருந்தால் போதாது, 'சூ' என்ற சொல் இருக்க வேண்டும்.

வாங்கோழி:

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஷியாவ்லொங்பாவின் தாய்வீடு தைபே அல்ல, ஷாங்காயின் நான்ஷியாங். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே அங்கே இது பெயர் பெற்றது. தைபேயிலும் தெருவுக்கு ஒரு கடையில் இதைவிடக் குறைந்த விலைக்குத் திருப்தியாகச் சாப்பிடலாம். டின் தாய் ஃபங்கில் நாம் காசு கொடுப்பது சீரான தரத்துக்கு: ஐந்து கிராம் மேல்மாவு, பதினாறு கிராம் பூரணம், பதினெட்டு மடிப்பு என்று எந்தக் கிளையிலும் ஒரே அளவு. அது பெரிய திறமைதான், ஆனால் ஒரே மாதிரி இருப்பதற்காக ஒரு மணி நேரம் காத்திருப்பது எனக்கு ஒத்துவராது.

காவிரிக்கரையான்:

மூவருக்கும் நன்றி. பாத்திரம் வேறாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அம்மாவுக்கு இல்லை, எனவே புதன்கிழமை மூன்று மணிக்குப் போவதாக முடிவு செய்துவிட்டோம். இதையெல்லாம் படித்துக் காட்டியதும் அம்மா இரண்டே கேள்விதான் கேட்டார்: மாவு அரிசியா கோதுமையா, சூப்பை ஊற்றிவிட்டு எப்படிச் சொப்பை மூடுகிறார்கள்?

தொங்மென் பயணி:

கோதுமை மாவு, புளிக்க வைக்காதது. சூப்பை யாரும் ஊற்றுவதில்லை. பன்றித்தோலை நெடுநேரம் கொதிக்க வைத்த சாறு ஆறினால் கூழ்போல் உறைந்துவிடும். அதை நறுக்கிக் கொத்துக்கறியோடு பிசைந்து உள்ளே வைக்கிறார்கள், ஆவியில் வேகும்போது அது உருகிச் சூப்பாகிறது. அம்மாவின் காளான் கொழுக்கட்டையில் அந்தச் சூப் இருக்காது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொப்பு செய்வதை அவர் நேரிலேயே பார்க்கலாம், சமையலறைக்குக் கண்ணாடிச் சுவர்தான். மெல்லிய குழவியால் மாவைத் தேய்ப்பவர் விளிம்பை மட்டும் மெலிதாக்கி நடுவைச் சற்றுத் தடிப்பாக விடுவார், சூப்பின் பாரத்தை அடிப்பக்கம் தாங்க வேண்டுமே. அடுத்தவர் அதை உள்ளங்கையில் ஏந்தி, பூரணத்தை வைத்து, மோதகத்துக்கு மடிப்பு எடுப்பதுபோலவே விரலால் சுற்றிக்கொண்டு வருவார். அந்தக் கண்ணாடிச் சுவரின் முன்னால் இடம் பிடித்து நின்றால், உங்கள் எண்ணை அழைக்கும்போது அம்மாவை அங்கிருந்து நகர்த்துவதுதான் சிரமமாக இருக்கும்.