அமெரிக்க அட்மிஷனில் அலம்னை இன்டர்வியூ: எடுத்துவிடலாமா, விட்டுவைக்கலாமா?

தராசுமுள்:
அமெரிக்கக் கல்லூரி அட்மிஷன் பற்றிய எல்லா இழையிலும் இந்த விஷயம் ஓரமாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அதனால் தனி இழை. பழைய மாணவர்கள், விண்ணப்பித்த பிள்ளைகளைச் சந்தித்துப் பேசி அறிக்கை எழுதும் ஏற்பாட்டை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. சிகாகோ பல்கலைக்கழகம் 2018-லேயே நேர்காணலைக் கைவிட்டு, விருப்பம் இருந்தால் இரண்டு நிமிட வீடியோ அனுப்பச் சொன்னது. பிரவுன் வீடியோவுக்கு மாறியது. கொலம்பியா நிறுத்திவிட்டது. பென்சில்வேனியா ‘உரையாடல்’ என்று பெயரை மாற்றிக்கொண்டது. உள்ளே சரக்கு இருந்தால் போர்டை ஏன் மாற்றுகிறார்கள்?

வாசற்படி:
சரக்கு இருக்கிறது சார், எடைதான் குறைவு. முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன், புதியவர்களும் படிக்கிறார்கள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்த பிறகு தன்னார்வலர் ஒருவருக்கு மாணவரின் பெயர், பள்ளி, மெயில், போன் போகும். மதிப்பெண், எஸ்.ஏ.டி. (கல்லூரி நுழைவுத் தேர்வு), கட்டுரை எதுவும் பொதுவாக அவர் கண்ணில் படாது. 30 முதல் 60 நிமிடம் பேச்சு, காபிக்கடையிலோ நூலகத்திலோ. 2020-க்குப் பிறகு பெரும்பாலும் ஸூமில். பெற்றோர் பக்கத்தில் உட்காரக் கூடாது. வேறு எங்கே விண்ணப்பித்தாய் என்று கேட்கக் கூடாது. அன்றோ மறுநாளோ போர்ட்டலில் அறிக்கை ஏறும்.

கோப்பைப் படிக்கும் அதிகாரி பெரும்பாலும் அந்தப் பிள்ளையைப் பார்த்ததே இல்லை. பார்த்த ஒரே ஆள் இவர். அதன் மதிப்பு, ஆசிய அமெரிக்க மாணவர்களிடம் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்ட் மேல் போட்ட வழக்கில் வெளிச்சத்துக்கு வந்தது. 2018 அக்டோபரில் பாஸ்டனில் விசாரணை நடந்தபோது, ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு அட்மிஷன் ஆபீஸ் போட்ட ‘பெர்சனல் ரேட்டிங்’ (குணத்துக்கான மதிப்பீட்டு எண்) வெள்ளை மாணவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது தெரிந்தது. நேரில் பார்த்த பழைய மாணவர்கள் போட்டதில் அந்த இடைவெளி மிகச் சிறியது. எவர் கண்ணை நம்புவீர்கள்?

தராசுமுள்:
பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். ஆபீஸ் போடும் எண், ஆசிரியர் கடிதம், பள்ளி ஆலோசகர் கடிதம், கட்டுரை எல்லாம் சேர்ந்தது. நேர்காணல் அதில் ஒரு துண்டுதான் என்றது ஹார்வர்ட். விசாரித்த நீதிபதி பரோஸ் 2019-ல் ஹார்வர்டுக்கே சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட் புரட்டிப்போட்டது, அது வேறு பஞ்சாயத்து. உங்கள் உதாரணத்தையே உங்கள் பக்கம் திருப்புகிறேன்: நேரில் பார்த்தவர் போட்ட நல்ல எண் கோப்பிலேயே கிடந்தது. இருந்தும் ஆபீஸ் போட்ட எண் நகரவில்லையே! நகர்த்தாத நெம்புகோல் எதற்கு?

அளவுகோலும் ஒழுங்காக இல்லை. ஹார்வர்டில் 1 உயர்வு, 6 தாழ்வு. ஒரு தன்னார்வலர் ஒரு வருஷத்தில் நான்கைந்து பேரைப் பார்க்கிறார். அவருக்குப் பிரமாதமாகத் தெரியும் பிள்ளை நாடு முழுக்க வைத்துப் பார்த்தால் சராசரி. எல்லாருக்கும் 2 போடுகிறவரும் உண்டு, கஞ்சத்தனமாக 3 போடுகிறவரும் உண்டு.

இதன் பிறப்பையும் மறக்க வேண்டாம். 1922-ல் ஹார்வர்டின் தலைவர் லோவெல் யூத மாணவர்களுக்கு வரம்பு வைக்கப் பார்த்தார். வெளிப்படையாக முடியவில்லை. அதன்பின் ‘குணம்’ பார்க்கிறோம் என்று புகைப்படம், நேர்முகம், குடும்பப் பின்னணி எல்லாம் பெரிய கல்லூரிகளின் வாசலில் வந்து உட்கார்ந்தன.

உலையடுப்பு:
இடையில் நுழைகிறேன். கட்சி கட்டாமல், அறிக்கை எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். பத்தில் எட்டு இப்படித்தான் என்பேன்: “இனிமையானவர், ஆர்வம் மிக்கவர், நம் கல்லூரிக்குப் பொருத்தமானவர்.” ஆசிரியர் கடிதத்தில் இதே மூன்று சொல்லும் ஏற்கெனவே இருக்கும். அதிகாரிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது.

உதவும் அறிக்கைக்கு ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன்: “ரோபோ போட்டியில் மோட்டார் கருகியது ஏன் என்று கேட்டேன். டிரைவர் போர்டில் கரன்ட் லிமிட் வைக்கவில்லை, தப்பு என்னுடையது என்றாள். நாப்கினில் சர்க்யூட் வரைந்தாள். எனக்குப் புரியவில்லை என்று முகத்தில் தெரிந்ததும் நிறுத்தி, தண்ணீர்க் குழாயை வைத்து முதலிலிருந்து சொன்னாள்.” தன் தப்பை ஒப்புக்கொள்கிறாள், எதிராளியின் முகத்தைப் படிக்கிறாள். இரண்டும் மார்க் ஷீட்டில் வராது. இதை எழுத அன்று ராத்திரியே உட்கார வேண்டும். ஒரு வாரம் விட்டால் நாப்கின் மறந்துபோய் ‘ஆர்வம் மிக்கவர்’ மட்டும்தான் மிஞ்சும்.

தராசுமுள்:
அருமையான மாதிரி. ஆனால் மோட்டார் தெரிந்தவர் கேட்டதால் வந்தது. அதே பிள்ளையிடம் ஒரு வக்கீல், ‘பிடித்த புத்தகம் எது’ என்று கேட்டிருந்தால்? போதாக்குறைக்குக் காசு வாங்கிக்கொண்டு ஒத்திகை நடத்தும் கன்சல்டன்ட்கள் வேறு.

வைகைக்கரை:
குறுக்கே ஒரு சந்தேகம். எம்.ஐ.டி.க்கு (குரோம்பேட்டை இல்லை, மாசச்சூசெட்ஸ்) விண்ணப்பித்த பையனுக்கு மதுரையில் ஆள் கிடைக்காமல் நேர்காணலே வரவில்லை என்றால், கதை முடிந்ததா?

வாசற்படி:
இல்லைங்க. ஆள் இல்லாவிட்டால் எம்.ஐ.டி. நேர்காணல் தேவையில்லை என்று விட்டுவிடும், பையன் பேரில் குறை எழுதாது. யேல் எல்லாரையும் கூப்பிடுவதே கிடையாது. கூடுதல் தகவல் வேண்டும் என்று தோன்றுகிறவர்களுக்குத்தான் முன்னுரிமை. வந்தால் மட்டும் தவற விடாதீர்கள். தன்னார்வலரின் மெயில் தனி ஜிமெயிலிலிருந்துகூட வரும், ஸ்பேமில் விழும். நவம்பர் 1, ஜனவரி 1 போன்ற விண்ணப்பக் கெடுக்களுக்குப் பிறகு ஸ்பேம் பெட்டியைத் தினமும் பாருங்கள். நேரம் குறிக்கும்போது கவனம்: குளிர்காலத்தில் நியூயார்க்கில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6:30. தேதியையும் சேர்த்து எழுதிக் கேளுங்கள்.

தராசுமுள்:
இதைத்தான் சொல்ல வந்தேன். இல்லாவிட்டால் குறையில்லை என்றால், இருந்தால் லாபம் எப்படி இருக்க முடியும்? லாபம் உண்டு என்றால் மதுரைப் பையனுக்கு நஷ்டம். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். உண்மைக் காரணம் வேறு: ஆயிரக்கணக்கான பழைய மாணவர்கள் கல்லூரியோடு ஒட்டிக்கொண்டிருக்க ஒரு வேலை. ஒட்டிக்கொண்டிருப்பவர்தான் நாளைக்குச் செக் எழுதுவார்.

வாசற்படி:
செக் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். லாபமும் உண்டு, மறுக்கவில்லை. விளிம்பில் நிற்கும் கோப்புக்கு மட்டும். எம்.ஐ.டி. மாதிரி ஊர் பார்க்காமல் ஸூமில் ஆள் கொடுத்தால் மதுரைப் பிரச்சினை பாதி தீரும். எண் போடும் கட்டத்தை எடுத்துவிட்டு, எழுதுகிற பகுதியை மட்டும் வைத்தால் அளவுகோல் சண்டையும் போகும். சம்மதமா?

தராசுமுள்:
2024-ல் சேர்ந்த வகுப்புக்கு ஹார்வர்டுக்கு வந்தது 54,008 விண்ணப்பம், இடம் கொடுத்தது 1,937 பேருக்கு. எண்ணும் இல்லாமல் ஒரு பக்க உரைநடையை யார் படிப்பார்கள்? முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு அடுத்த கோப்புக்குப் போவார்கள்.

உலையடுப்பு:
அப்படியென்றால் கருகிய மோட்டாரை முதல் இரண்டு வரியிலேயே வைக்க வேண்டும். ‘இனிமையானவர்’ கீழே கிடக்கட்டும்.