கோல்டு ரீடிங்: 'போட்டுவாங்கல்' சரியாக வருமா?

வணக்கம்.

எதிரில் இருப்பவரின் பேச்சையும் முகக்குறிப்பையும் வைத்தே அவரைப் பற்றி எல்லாம் தெரிந்ததுபோலப் பேசும் உத்திதான் 'கோல்டு ரீடிங்'. அதற்குத் தமிழ்ச்சொல்லாக 'குளிர்வாசிப்பு' வேண்டாமே. எதிரில் இருப்பவரைப் பற்றி முன்கூட்டியே ஒன்றும் தெரியாமல் உட்காருவதுதான் அங்கே 'கோல்டு'. தமிழில் குளிர் அந்தப் பொருளைத் தராது.

'குறிசொல்லல்' என்றால் சொல்பவருக்கு அருள் இருப்பதாக ஆகிவிடும். 'ஏய்ப்புக்கணிப்பு' மறுபக்கம் சாய்கிறது. மனதைப் படிப்பதுபோல் மேடையில் வித்தை காட்டும் மென்டலிஸ்ட், இது வித்தைதான் என்று சொல்லிவிட்டே செய்கிறார். அவர் யாரை ஏய்த்தார்? ஆவி அழைப்பவர் இருட்டறையில் செய்வதும் இவர் விளக்கொளியில் செய்வதும் ஒரே கைவேலை. சொல் அந்த வேலையை மட்டும் சுட்டினால் போதும்.

"உங்களுக்கு நெருங்கிய ஒருவர்... நெஞ்சுப் பக்கம் ஏதோ தொந்தரவு..." என்று ஒன்றைப் போடுவார். கண் கலங்கினால், "இப்போது அவர் இல்லை, அப்படித்தானே?" முகம் அசையவில்லையா, "கவனமாக இருக்கச் சொல்லுங்கள்" என்று நகர்ந்துவிடுவார். "அப்பாதான், மாரடைப்பு" என்று வந்தவர் தன் வாயாலேயே சொல்லியிருப்பார். வீட்டுக்குப் போனதும் 'எல்லாவற்றையும் அவரே சொன்னார்' என்பார். இதைப் போட்டு வாங்குவது என்றுதானே பேசுகிறோம்? அதுவே போட்டுவாங்கல்.

கொச்சை என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் 'போட்டுவாங்கினார்', 'போட்டுவாங்குபவர்' எல்லாம் தாமாக வருகின்றன. 'குளிர்வாசித்தார்' என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்!

ஒரு சிக்கல் உண்டு. 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் அவரவர் ஆளுமைக் குறிப்பு என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். 'எனக்கு எவ்வளவு பொருந்துகிறது' என்பதற்கு அவர்கள் போட்ட மதிப்பெண் சராசரியாக 5க்குச் சுமார் 4.3. அங்கே போட்டதோடு சரி, வாங்கவே இல்லை. அதற்குப் 'பொதுப்பொருத்தம்' என்று தனியாக வைத்துக்கொள்ளலாம்.

அப்புறம், ஹாட் ரீடிங். அதாவது, முன்கூட்டியே விவரம் திரட்டி வைத்துக்கொண்டு தானாகத் தெரிந்ததுபோலச் சொல்வது. வித்தைக்காரர் ஹூடினி இளம் வயதில் ஆவிக் காட்சி நடத்தியபோது, அந்தந்த ஊர்க் கல்லறைகளில் பெயர்களைப் பார்த்து வைத்துக்கொண்டு மேடையேறியிருக்கிறார். 1920களில் மாறுவேடத்தில் போய் மீடியம்களின் (ஆவி அழைப்பவர்களின்) குட்டை உடைத்தவரும் அவரேதான். ஹாட் ரீடிங்குக்குத் 'துப்புக்கணிப்பு' என்று எழுதி வைத்தேன். ஆனால் துப்பு கையில் இருக்கும்போது அதில் கணிப்பு எங்கே இருக்கிறது? வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.