புதுப்பிப்பு: செவ்ரான் விதி போச்சு, பழைய தீர்ப்புகள் என்னாகும்?

சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில், அரசுத் துறை சொல்லும் பொருள் நியாயமாக இருந்தால் கோர்ட் ஏற்கணும் என்ற 1984 செவ்ரான் விதியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். 2024 ஜூன் 28-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கிவிட்டது. வழக்குப் போட்டவர்கள் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் படகுக்காரர்கள். படகில் ஏறும் அரசுக் கண்காணிப்பாளருக்கு நாளுக்கு 710 டாலர் வரை, சட்டத்தில் தெளிவாக இல்லாதபோது துறை சொல்கிறது என்பதற்காக நாங்கள் ஏன் தரணும் என்பது அவர்கள் கேள்வி.

அப்போ அந்த விதியை வைத்து வந்த 40 வருஷத் தீர்ப்புகள் எல்லாம் காலியா என்று பலர் கேட்டீர்கள். இல்லை. அவை அப்படியே நிற்கும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் தீர்ப்பிலேயே எழுதிவிட்டார். இனி துறையின் வாதத்தை நீதிபதி கேட்டுக்கொள்ளலாம், ஆனால் கட்டுப்பட வேண்டியதில்லை. (இதை ஏற்காத நீதிபதி கேகனின் மாற்றுத் தீர்ப்பையும் படியுங்கள், காரம் அதில்தான்.)

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கட்டணம் செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே இல்லை. வழக்கைக் கீழ்க் கோர்ட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டது.