25-க்கு மேல் எண்ணாத பிள்ளை: பள்ளிக்கூடம் சேர்க்கப் போன கதைகளைப் பகிருங்கள்

வளவுக்காரி:
முக்கூடல் பக்கம் எங்கள் ஊர். வளவில், அதாவது ஒரே வாசலுக்குள் இருக்கிற வீடுகளில், முக்கால்வாசியில் பீடி சுற்றுகிற வேலைதான். பக்கத்து வீட்டு அக்கா மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஒரு தனியார் பள்ளிக்குத் துணைக்குப் போனேன், ஃபாரம் நிரப்பிக் கொடுக்க. டீச்சர் படத்தைக் காட்டி இங்கிலீஷில் ஏதேதோ கேட்டார். பிள்ளை வாயே திறக்கவில்லை. சரி, ஒன்று இரண்டு சொல்லு என்றார். கணீரென்று ஆரம்பித்தாள். 25 வந்ததும் நிறுத்தி, விரலால் நூல் சுற்றி இழுத்துக் காட்டிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து! டீச்சர் முழித்தார். "இருபத்தஞ்சுக்கு மேல தெரியாதா?" கட்டுக்கு 25 பீடி. ஆச்சி கட்டும்போது கூடவே உட்கார்ந்து எண்ணிப் பழகிய பிள்ளை அது. "இன்னும் ரெடியாகல" என்று ஃபாரத்தைத் திருப்பி நீட்டிவிட்டார்கள். அக்கா பஸ் ஏறும்வரை பேசவே இல்லை. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

அம்பை அண்ணாச்சி:
பச்சப்பிள்ளையைப் பீடித்தூள் நெடியில் உட்கார வைத்ததை முதலில் கேட்கணும் தங்கச்சி. எங்கள் காலத்தில் தலைக்கு மேல் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். எட்டியது, சேர்ந்துவிட்டேன், அவ்வளவுதான் என் கதை. இப்போது செய்ய வேண்டியது என்னவென்றால்: 2009 கல்வி உரிமைச் சட்டம் 13ஆம் பிரிவுப்படி சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்துப் பார்க்கவே கூடாது. முதல் தடவைக்கே 25,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எழுத்தில் புகார் கொடுங்கள், வாயால் சொன்னால் நிற்காது. அப்புறம் வயசு. நம்ம மாநிலத்தில் 5 முடிந்தால் ஒன்றாம் வகுப்பு, 2020 தேசியக் கல்விக் கொள்கை 6 என்கிறது. யாராவது "ஆறு ஆகட்டும்" என்றால் குழம்ப வேண்டாம். தம்பி தங்கை இருந்தால் பால்வாடியில் போடுங்கள். நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி 2019-லேயே தொடங்கியாச்சு, உங்கள் பக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். வீட்டில் தினமும் கதை சொல்லுங்கள். போனைக் கையில் கொடுக்காதீர்கள். இன்னொன்று...

ஆத்தங்கரை அக்கா:
அண்ணாச்சி, மூச்சு விட்டுக்கோங்க. பால்வாடியைப் பூட்டின பிறகு பிள்ளை எங்கே போகும்? பீடி சுற்றுகிற சுளகு இருக்கிற இடத்துக்குத்தான். தாய் அங்கேதானே இருக்கிறாள். அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள் சொல்கிறேன், 25 வரை பிசகாமல் எண்ணுகிற பிள்ளைக்கு மிச்சம் சொல்லிக் கொடுக்க ஒரு வாரம் போதும்.

எனக்கு உறுத்துவது வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் மையத்துக்குள் இடுப்பளவு சேறு. சத்துமாவுப் பை, எடை மிஷின், படம் எல்லாம் போச்சு. தெருக்காரர்கள்தான் மண்வெட்டியோடு வந்தார்கள். ஒரு வீட்டுத் தார்சாவில் (முன்கூடத்தில்) பிள்ளைகளை உட்கார வைத்தோம், சோறு தெருவிலிருந்தே வந்தது. போர்டு எழுதுகிற தம்பி ஒருத்தர் காசு வாங்காமல் சுவரில் யானை வரைந்தார், நெற்றியில் பட்டை போட்டு. பிள்ளைகள் அதற்குக் காந்திமதி என்றே பேர் வைத்தன. 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோவில் யானை காந்திமதி இறந்ததும் ஒரு குட்டி என்னிடம் வந்து, "டீச்சர், நம்ம காந்திமதிக்கும் ஊசி போடணுமா?" என்றது. நான் சிரித்துவிட்டேன். மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை, சுவரையே பார்த்தன.

மேலப்பாளையத்தான்:
யானை கதை இருக்கட்டும். அந்தப் பிள்ளையை எங்கே சேர்த்தீர்கள்?

வளவுக்காரி:
அண்ணாச்சி, நான் யோசனை கேட்கவில்லை. புகார் எழுதினால் அக்காவின் அரை நாள் கூலியை யார் தருவார்? ஊர் அரசுப் பள்ளியில்தான் சேர்த்தோம். வளவில் காலேஜ் படிக்கிற பிள்ளை ஒன்று சாயங்காலம் திண்ணையில் உட்கார வைத்து 26-லிருந்து சொல்லிக் கொடுத்தது. தலைமையாசிரியர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, "காலைல சாப்பாடு இங்கேயே உண்டு, எட்டு மணிக்கு அனுப்புங்க" என்றார், அவ்வளவுதான். அந்தப் பொங்கலுக்கும் உப்புமாவுக்குமே பிள்ளை ஓடுகிறது.

மேலப்பாளையத்தான்:
தனியார் பள்ளியில் ஃபாரத்துக்குக் கட்டின காசு?

வளவுக்காரி:
அது போனது போனதுதான்.

அம்பை அண்ணாச்சி:
ரசீது இருக்கா?